கீபோர்டு செட்டிங்: கம்பெனி மென்பொருளா, வியாவா?

வேளச்சேரிவாசி:
ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ஆர்ஜிபி (பல நிற லைட்) மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கப் போகிறேன். வீட்டு பிசியிலும் விளையாடுவேன், தாம்பரத்தில் நண்பன் பிசியிலும் விளையாடுவேன். கம்பெனி மென்பொருளோடு வருவதை வாங்கவா, கியூஎம்கே (கீபோர்டுக்குள்ளேயே ஓடும் ஓப்பன் சோர்ஸ் ஃபர்ம்வேர்), வியா (அதன் செட்டிங்கை மாற்றும் செயலி) ஓடுவதை வாங்கவா?

பெரம்பூர்கேமர்:
இரண்டு பிசி என்றால் வியாதான் ப்ரோ. கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றினால் அது கீபோர்டின் சிப்பிலேயே பதிவாகும். எங்கே சொருகினாலும் அப்படியே வேலை செய்யும். குரோமிலோ எட்ஜிலோ வியா பக்கத்தைத் திறந்தால் போதும், எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். சில மாடலுக்கு மட்டும் ஒரு ஜேசன் ஃபைலை (கீபோர்டின் அமைப்பு விவரம்) நாமே ஏற்ற வேண்டியிருக்கும்.

நைட்ஷிஃப்ட்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரேசரின் சினாப்ஸ், லாஜிடெக்கின் ஜி ஹப் மாதிரி கம்பெனி மென்பொருளில் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு புரொஃபைல் வைக்கலாம். கேமைத் திறந்ததும் லைட், மேக்ரோ (ஒரே கீயில் பதிந்த தொடர் அழுத்தங்கள்) எல்லாம் தானாக மாறும், மூடினால் பழையபடி வந்துவிடும். வியாவில் இது கிடையாது.

பெரம்பூர்கேமர்:
லேயர் (அதே கீகளுக்கு இன்னொரு அடுக்கு வேலைகள்) இருக்கிறதே! கேம் கீகளை இரண்டாவது லேயரில் வைத்து, ஒரே கீயால் மாறிக்கொள்ளலாம். அதற்காக ஒரு மென்பொருள் எந்நேரமும் பின்னணியில் ராமைத் தின்றுகொண்டிருக்க வேண்டுமா?

நைட்ஷிஃப்ட்:
சரி, லைட்டுக்கு என்ன சொல்கிறீர்கள்? வியாவில் பெரும்பாலும் ரெடிமேட் எஃபெக்ட், நிறம், வேகம், வெளிச்சம், அவ்வளவுதான். நான் தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு முறையில் டைப் பண்ணுகிறவன். அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். உயிருக்கு ஒரு நிறம், மெய்க்கு வேறு நிறம் என்று கீ கீயாகப் பிரித்து வைத்திருக்கிறேன். புதிதாகப் பழகுகிறவருக்கு இது எவ்வளவு உதவி தெரியுமா! இதையே கியூஎம்கேயில் கொண்டுவர கோடில் கை வைத்து கம்பைல் பண்ண வேண்டும்.

பெரம்பூர்கேமர்:
அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த நிறங்கள் நண்பர் பிசியிலும் வருமா என்பது கீபோர்டின் ஆன்போர்டு மெமரியைப் பொறுத்தது. பல மாடல்களில் கேமோடு சேர்ந்து மாறும் எஃபெக்ட்டெல்லாம் மென்பொருள் ஓடினால்தான் வரும்.

அடையாறுஆட்டக்காரன்:
எதை வாங்கினாலும் ஒன்று. ஸ்னாப் டேப் மாதிரி, இடம்-வலம் போன்ற எதிரெதிர் கீகளைச் சேர்த்து அழுத்தினாலும் கடைசியாக அழுத்தியதை மட்டும் தானே எடுத்துக்கொள்ளும் வசதியை சிஎஸ்2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2) கேமில் ஆன் பண்ணாதீர்கள். 2024 ஆகஸ்டிலேயே அந்த கேமின் கம்பெனியான வால்வு அதைத் தடுத்துவிட்டது. அவர்கள் சர்வரில் பிடிபட்டால் மேட்ச்சிலிருந்து வெளியேற்றிவிடும்.

வேளச்சேரிவாசி:
கடையில் எப்படிச் சோதிப்பது?

பெரம்பூர்கேமர்:
ஒரு மேக்ரோவும் ஒரு நிறமும் வைத்து சேவ் பண்ணச் சொல்லுங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றி, அந்த மென்பொருளே இல்லாத வேறொரு பிசியில் சொருகிப் பாருங்கள். இரண்டும் அப்படியே வந்தால் தாராளமாக வாங்கலாம்.