புதுப்பிப்பு: எலுமிச்சைக் கூட்டின் மூன்றாவது குஞ்சு

கானாடுகாத்தான் வீட்டுப் பின்கட்டு எலுமிச்சையில் தவிட்டுக்குருவி குஞ்சு பொரித்ததையும், மூன்றில் ஒன்று மட்டும் வாய்க்குள் செக்கச் செவேலென்று இருப்பதையும் பத்து நாளைக்கு முன் எழுதியிருந்தேன். நோயோ என்று பயந்து கேட்டிருந்தேன்.

நோயில்லை. அது சுடலைக்குயில் குஞ்சு, பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடும் குயில்! நேற்று சிறகு விரித்தபோது வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரிந்தது. உச்சியில் சின்னக் கொண்டையும் எழுந்திருக்கிறது. இரண்டின் முட்டையும் நீலம்தான், அதனால் தவிட்டுக்குருவிகள் ஏமாந்திருக்கின்றன. நல்லவேளை, இந்தக் குயிலின் குஞ்சு மற்றவற்றைக் கூட்டிலிருந்து தள்ளிவிடுவதில்லை. மூன்றும் பிழைத்துவிட்டன.

தாயும் தகப்பனும் மட்டுமல்ல, கூட்டமே இரை கொண்டுவருகிறது. இன்று காலை ஒரு குருவி பச்சைப் புழுவைக் கவ்வியபடி கிளையில் காத்திருந்து, முன்னால் ஊட்டிய குருவி நகர்ந்ததும் தாவி, குயில் குஞ்சின் தொண்டைக்குள் தன் தலையையே நுழைத்து ஊட்டியது. நான் மூச்சு விடவில்லை.

அந்தப் பதிவுக்குப் பதிலாக நீங்கள் சொன்னபடி குருவிகளுக்கு உப்புச் சோறு வைப்பதை நிறுத்திவிட்டேன். குஞ்சுக்குப் புழு பூச்சிதான் வேண்டும் என்பதால் செடிகளுக்கு மருந்தடிப்பதும் இல்லை. அப்பத்தா தினமும் மண்சட்டியில் தண்ணீர் மாற்றுகிறார். பூனை வந்தால் விரட்டுவதும் அவர்தான்.

சற்று முன் குயில் குஞ்சு கிணற்றுச் சுவர் வரை பறந்துவிட்டது. பின்னாலேயே நான்கு தவிட்டுக்குருவிகள், கத்திக்கொண்டே.