சஃபோக் கிராமத்துல பழைய செங்கல் காட்டேஜ், எந்த காலத்து கட்டடம்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

வைகைக்கரை:
வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்துல சஃபோக் பக்கம் ஒரு கிராமத்துல பழைய செங்கல் காட்டேஜ் ஒண்ணு வாங்க பேசிக்கிட்டு இருக்கோம். விளம்பரத்துல 1820கள்ல கட்டினதுன்னு போட்டிருக்காங்க. முன்பக்கம் சிவப்பு செங்கல், ஒரு கல்லு நீளவாட்டுல அடுத்த கல்லு தலைவாட்டுலன்னு மாத்தி மாத்தி ரொம்ப சீரா இருக்கு, ஆனா பின்பக்கம் போனா கல்லே ஒழுங்கா இல்ல, ஒட்டி கட்டின சின்ன ரூம்ல கல்லை குத்துவாட்டுல நிறுத்தி வச்சிருக்காங்க. கூரை ரொம்ப செங்குத்து, மேல ஸ்லேட். முன்கதவை திறந்தா நேரா நடு சிம்னியோட சுவர்தான் வருது, ரெண்டு பக்கமும் ரூமுக்கு வழி. கீழ்ச்சுவர் ஈரம் வேற, சிமெண்ட் பூசிட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றார். இது நிஜமாவே 1820தானா?

ஓக்மரம்:
முன்பக்க செங்கலை மட்டும் பார்த்துதான் 1820ன்னு எழுதியிருப்பாங்க. நீங்க சொல்ற கதவு திறந்ததும் சிம்னி, ரெண்டு பக்கமும் ரூம், அந்த அமைப்பு கிழக்கு இங்கிலாந்துல 1600கள்ல ரொம்ப பரவலா இருந்தது. ஒரே சிம்னியில முதுகோட முதுகா ரெண்டு அடுப்பு வச்சு ரெண்டு ரூமையும் சூடாக்கினாங்க. செங்குத்தான கூரையும் அதையேதான் சொல்லுது, ஸ்லேட்டுக்கு அவ்வளவு சரிவு தேவையே இல்ல, வைக்கோலோ நாணலோ வேய்ஞ்ச கூரைக்குத்தான் மழைத்தண்ணி நிக்காம ஓட அந்த சரிவு வேணும். ஸ்லேட் இந்த ஏரியா கல்லு கிடையாது, பெரும்பாலும் வேல்ஸ்ல இருந்து வந்தது, ரயில் வந்தப்புறம்தான் உள்கிராமத்துக்கெல்லாம் சல்லிசா கிடைச்சுது.

அதனால என் கணக்கு, உள்ள மரச்சட்ட வீடு ஒண்ணு இருக்கு, பின்னாடி வசதி வந்த காலத்துல யாரோ முன்னால செங்கல் முகம் கட்டியிருக்காங்க. தெருவுல போறவங்க பார்க்குற பக்கத்துக்கு நல்ல கல்லு, பின்பக்கத்துக்கு கிடைச்ச கல்லுன்னு செலவு பண்றது அப்போ சர்வசாதாரணம். மாடி ரூம் மூலையில செங்கலுக்கு உள்ள மரத்தூண் தெரியுதான்னு பாருங்க, அப்புறம் பரண்ல ஏறி கைமரத்தை பாருங்க, பதில் அங்கதான் இருக்கும்.

செம்மண்_சூளை:
செங்கல் பத்தி நான் கொஞ்சம் சொல்றேன், இது எனக்கு ரொம்ப பிடிச்ச சப்ஜெக்ட். அமெரிக்க போர் செலவை ஈடுகட்ட 1784ல செங்கலுக்கு வரி போட்டாங்க, ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். வரி எண்ணிக்கைக்குத்தானே, உடனே சூளைக்காரங்க கல்லை பெருசா அறுக்க ஆரம்பிச்சாங்க! 1803ல 150 கன அங்குலத்துக்கு மேல போனா ரெட்டை வரின்னு கொண்டு வந்ததும் அந்த வழி அடைஞ்சுது. 1850ல வரியே போயிடுச்சு. அதனால டேப் எடுத்துட்டு போய் முன்சுவர் கல்லையும் பின்சுவர் கல்லையும் தனித்தனியா அளந்து பாருங்க, அளவு வேறன்னா காலமும் வேறயா இருக்க வாய்ப்பு அதிகம். ஆனா பழைய வீட்டை இடிச்ச கல்லை திரும்ப போட்டு கட்டுறதும் உண்டு, கல்லை மட்டும் வச்சு தேதி குறிக்காதீங்க.

அந்த குத்துவாட்டு கல்லு ராட் ட்ராப் பாண்ட், சுவருக்கு நடுவுல காலியிடம் விடுறதால கல்லு கணிசமா மிச்சம், 1800 வாக்குல இருந்து ஏழைங்க காட்டேஜ், கொட்டகைக்கெல்லாம் இதுல கட்டியிருக்காங்க. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளாவுல பிரபலப்படுத்தினாரே, அதே முறைதான், நம்ம ஊர்ல இன்னிக்கும் கட்டுறாங்க.

பழைய_ஆவணம்:
பேப்பர்லயும் தேடுங்க. 1836ல டைத் (சர்ச்சுக்கு கொடுக்குற தசமபாகம்) சட்டம் வந்ததுக்கு அப்புறம் வரைஞ்ச மேப்ல ஒவ்வொரு மனைக்கும் நம்பர் இருக்கும், கூட இருக்குற பட்டியல்ல யாருக்கு சொந்தம், யார் குடியிருந்தாங்கன்னு பேரோட கிடைக்கும். சஃபோக்குக்கு இப்ஸ்விச்ல தி ஹோல்ட் ஆவணக் காப்பகத்துல கேளுங்க. ஆர்ட்னன்ஸ் சர்வேன்னு அரசு நில அளவை அமைப்பு போட்ட பழைய மேப் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட வெப்சைட்லயே ஃப்ரீயா பார்க்கலாம், இங்கிலாந்து மேப்பும் அதுல இருக்கு. 1841ல இருந்து சென்சஸ்ல குடியிருந்தவங்க தொழில்கூட தெரியும், ஒரே காட்டேஜை ரெண்டு மூணு கூலிக் குடும்பத்துக்கு பிரிச்சு விட்டிருந்தாலும் அதுல வெளிய வந்துடும். மேப்ல வீடு இருந்தா அந்த வருஷத்துக்கு முன்னாடியே இருந்ததுன்னுதான் அர்த்தம், அப்பதான் கட்டினாங்கன்னு இல்ல.

சுண்ணாம்புக்காரன்:
எல்லாத்துக்கும் முன்னாடி, தயவுசெஞ்சு அந்த சிமெண்டை நிறுத்துங்க! போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு பேட்டண்ட் எடுத்ததே 1824லதான், இந்த வீடு சுண்ணாம்புச் சாந்துல கட்டினது. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளிய விடும், சிமெண்ட் விடாது, உள்ள மாட்டின தண்ணி பனிக்காலத்துல உறைஞ்சு கல்லோட முகமே உரிஞ்சு விழும், செங்கலுக்கு பின்னால மரம் இருந்தா அது அழுகும், வெளிய தெரியவே தெரியாது. முதல்ல வெளிய மண் மட்டம் ஏறியிருக்கா, மழைநீர் குழாய் ஒழுகுதான்னு பாருங்க, பாதி கேஸ்ல ஈரத்துக்கு அதுதான் காரணம்.

லிஸ்டட் கட்டடமான்னு, அதாவது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடமான்னு, ஹிஸ்டாரிக் இங்கிலாந்துங்குற பாரம்பரிய அமைப்போட பட்டியல்ல தேடுங்க. 1700க்கு முன்னாடி கட்டி ஓரளவு பழசு மாறாம இருக்குற வீடு எல்லாமே கிட்டத்தட்ட அதுல வரும், வந்தா அதோட தன்மையை மாத்துற வேலையை அனுமதி இல்லாம பண்றது கிரிமினல் குற்றம்.

வைகைக்கரை:
நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கல. நேத்து திரும்ப போய் பரண்ல டார்ச் அடிச்சு பார்த்தோம், மாடி மூலையில தூண் இருக்கு. கைமரத்துல ரோமன் எண் மாதிரி கீறல் வரிசையா இருக்கு, அது என்ன?

ஓக்மரம்:
அருமை! அது தச்சர் குறி. சட்டத்தை கீழயே அறுத்து பொருத்திப் பார்த்து, எது எதோட சேரணும்னு நம்பர் கீறி, கழட்டி, இடத்துல திரும்ப நிறுத்துவாங்க. நம்பர் வரிசை விடுபடாம இருந்தா கூரை பெரும்பாலும் முதல்ல போட்டபடியே இருக்குன்னு சொல்லலாம். ஓக் மரமா இருந்து வளையம் போதுமான அளவு இருந்தா மரம் வெட்டின வருஷத்தையே சொல்ற டெஸ்ட் இருக்கு. அதுவரைக்கும் அந்த மரத்தை யாரும் தேய்க்கவோ சாண்ட்பிளாஸ்ட் பண்ணவோ விடாதீங்க, குறியோட ஃபோட்டோ இருந்தா போடுங்க.