முன்னாள் போராளிகளுக்கெண்டு தனியாய் ஒரு சட்ட உதவி மேசை வேணுமோ?

நிலாமதி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் சட்டம் படிக்கிறேன், இறுதி வருடம். எங்கள் வகுப்பில் ஏழு பேர் சேர்ந்து ஒரு வேலை தொடங்க யோசிக்கிறோம். மாதத்தில் முதலாம் சனி கிளிநொச்சியிலும் மூன்றாம் சனி புதுக்குடியிருப்பிலும் ஒரு மேசை போட்டு, முன்னாள் போராளிகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் காசு வாங்காமல் சட்ட உதவி செய்வது. காணி, பிறப்புப் பதிவு, விவாகப் பதிவு, காணாமற்போனவர்களின் பத்திரங்கள், மாற்றுத்திறனாளிகளின் கொடுப்பனவு, இவைதான் வேலை. மேற்பார்வைக்கு ஒரு மூத்த சட்டத்தரணி அக்கா சம்மதித்திருக்கிறா.

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளைப் பற்றி வாசித்தபோதுதான் இந்த எண்ணம் வந்தது. படையில் இருந்து வந்தவர்களுக்கென்றே அங்கே சட்ட உதவி நிலையங்கள் நடத்துகிறார்கள். வில்லியம் அன்ட் மேரியில் 2008இல் தொடங்கியது, யேலில் 2010இல். மாணவர்கள் ஆளைச் சந்தித்து, மருத்துவக் கோப்புகளை வாசித்து, மனுவை எழுதுகிறார்கள். சட்டத்தரணியான ஆசிரியர் கூட இருந்து பொறுப்பெடுக்கிறார்.

ஒரு விடயத்தில் எங்களுக்குள்ளேயே இரண்டு பக்கம். பலகையில் ‘முன்னாள் போராளிகளுக்கான’ என்று எழுதுவதா, விடுவதா? வன்னியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டான் எழுதியது:

எழுதாதேங்கோ தங்கச்சி. உங்கட மனசு நல்லது, அது எனக்கு விளங்குது. ஆனா அந்தச் சொல்லோட சீவிக்கிறது நாங்கள்.

சண்டை முடிய அரசாங்கம் புனர்வாழ்வு எண்டு எங்களை வைச்சிருந்த முகாமால நான் 2011இல வீட்ட வந்தனான். கோட்டில என்னில வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. கையில ஒரு கடிதம் மட்டும். அதுக்குப் பிறகு எத்தனையோ தரம் சிவில் உடுப்பில ஆக்கள் வந்து முத்தத்தில நிண்டிட்டினம். போன வருசமும் வந்தவை. என்ர மூத்தவள் விறாந்தையில இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தவள். நான் அவைக்குப் பதில் சொல்லி முடியுமட்டும் பென்சிலைக் கொப்பியில வைச்சபடி அப்பிடியே இருந்தாள், ஒரு எழுத்தும் எழுதேல்லை. வந்தவை போனாப்பிறகு, “அப்பா, நீங்கள் என்ன செய்தனீங்கள்?” எண்டு கேட்டாள்.

உங்கட பலகைக்குக் கீழ நான் வந்து கதிரையில இருந்தா, அடுத்த கிழமை திரும்பவும் ஆக்கள் வந்து “லோயரிட்ட என்ன கதைச்சனீ?” எண்டு கேப்பினம்.

இன்னொண்டு. 2013இல ஒரு நிறுவனம் பொதுநோக்கு மண்டபத்தில கூட்டம் வைச்சு, காணிப் பிரச்சினை தீர்த்துத் தாறம் எண்டு, அரசாங்கம் காணிக்குக் குடுத்த எங்கட பெர்மிட்டுகளை வாங்கிக்கொண்டு போச்சுது. போட்டோக்கொப்பி அடிச்சிட்டுத் தாறம் எண்டவை. அப்பா நான் முகாமில இருக்கேக்க செத்தவர், அவற்ற பெர்மிட்டை நான் நாலு மாசம் அலைஞ்சு திருப்பி எடுத்தனான். பக்கத்துக் காணிக்காரருக்கு இண்டைவரைக்கும் வரேல்லை. மாணவர் எண்டால் படிப்பு முடிய நீங்களும் போயிடுவியள். பிறகு யாரை நாங்கள் கேக்கிறது?

சிவம் (பொஸ்ரன்) எழுதியது:

தம்பி, உங்கட பயத்தைக் குறைச்சுச் சொல்ல நான் வரேல்லை. 1986இல நாட்டை விட்டு வந்தவன் நான், அதைக் கதைக்க எனக்குத் தகுதியில்லை. ஆனா இஞ்ச நடந்த ஒண்டைச் சொல்லவேணும்.

வியட்நாமில சண்டை பிடிச்சிட்டு வந்தவையில கனபேரை ஒழுக்கக்கேடு எண்டு எழுதிப் படையால விலத்தினவை. நித்திரை இல்லாமல் குடிச்சவன், முகாமுக்குத் திரும்பி வராதவன், அப்பிடிப்பட்ட ஆக்கள். அந்த ஒரு கடுதாசியால உதவித்தொகை, மருத்துவம், நல்ல வேலை எல்லாம் போச்சுது. போரால மனசில படுற காயத்தை மருத்துவர்கள் பேர் வைச்சு ஒரு நோயா ஏற்றது 1980இலதான். அதுக்கு முன்னம் விலத்தினவையில கனபேரின்ர கடுதாசியை ஆரும் திருத்தேல்லை. யேல் மாணவர்கள் 2014இல அந்தாக்களுக்காக வழக்குப் போட்டவை. அதே வருசம் செப்டெம்பரில, பாதுகாப்புச் செயலாளரா இருந்த சக் ஹேகல், அப்பிடியான விண்ணப்பங்களைத் தாராளமாய்ப் பாக்கச் சொல்லிப் பணிப்புரை குடுத்தார். நாப்பது வருசம் கழிச்சு!

தனித்தனியாப் போன ஆக்களுக்குக் கிடைக்காதது, “நாங்கள் வியட்நாமுக்குப் போனவர்கள்” எண்டு ஒண்டா நிண்டபடியாக் கிடைச்சது. பேரை எழுதுங்கோ பிள்ளை. எழுதாட்டில் பிரச்சினையும் சேர்ந்து மறைஞ்சுபோம்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 19 வருடமாக வழக்குப் பேசுகிறேன். சிவம் ஐயா சொன்னது சரி, ஆனால் அது இங்கே பொருந்தாது.

அமெரிக்க வீரருக்கு அரசாங்கம் கடமைப்பட்டிருக்கிறது. அவருடைய உரித்து சட்டத்தில் எழுதியிருக்கிறது, மாணவர்கள் அதை எடுத்துக் கொடுக்கிறார்கள். இலங்கைப் படையினருக்கும் ரணவிரு சேவா அதிகாரசபை என்று 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஒரு நிறுவனம் இருக்கிறது. முன்னாள் போராளிக்கு, முன்னாள் போராளி என்ற பெயரில், படையினருக்கு இருப்பதைப்போல் ஓர் ஓய்வூதியம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது? இல்லை. அந்தப் பெயர் வேலை செய்கிற சட்டம் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம்தான். அவருடைய உரித்து இருப்பது வேறு இடங்களில்: பெர்மிட்காரரின் மகன் என்றபடியால், ஒருவரின் மனைவி என்றபடியால், மாற்றுத்திறனாளி என்றபடியால். இதற்கு அந்தப் பலகை தேவையில்லை.

மாணவர் விடயம் இதைவிடப் பெரியது. இங்கே சட்டப் பட்டம் எடுத்தாலும் சட்டக் கல்லூரிப் பரீட்சை, ஆறு மாதப் பயிற்சி, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எல்லாம் முடியுமட்டும் ஒருவர் சட்டத்தரணி இல்லை. அமெரிக்காவில் படைவீரர் திணைக்களத்தின் விதிகளே, ஆளின் எழுத்துச் சம்மதத்தோடு, சட்டத்தரணியின் மேற்பார்வையில் மாணவர் வேலை செய்யலாம் என்கின்றன. அப்படி ஒன்று இங்கே உங்கள் கையில் இல்லை.

இரகசியத்தை எடுங்கள். சான்றுக் கட்டளைச் சட்டம் 126ஆம் பிரிவின்படி, கட்சிக்காரர் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் சட்டத்தரணி வெளியே விடக்கூடாது. 127 அந்தக் காப்பை மொழிபெயர்ப்பாளருக்கும் சட்டத்தரணியின் இலிகிதருக்கும் வேலையாளுக்கும் கொடுக்கிறது. பல்கலைக்கழக மாணவர் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. மேற்பார்வைச் சட்டத்தரணி தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில் ஒருவர் மாணவியிடம் மனம் விட்டுத் தன் முழுக் கதையையும் சொன்னார் என்று வையுங்கள். பிறகு ஒருவர் வந்து அந்த மாணவியை விசாரித்தால், ‘சொல்லமாட்டேன்’ என்பதற்கு அவருக்கு என்ன பிடி இருக்கிறது? நல்ல மனதோடு ஒரு பெரிய ஆபத்தைச் செய்துவிடுவீர்கள். நான் இதற்கு எதிர்.

பூநகரியாள் எழுதியது:

நானும் ஒருத்தி. இடது கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. எந்தக் கந்தோருக்குப் போனாலும் “கால் எப்பிடிப் போனது?” எண்டு கேக்கிறவை. “செல் பட்டது” எண்டு சொல்லுவன். அது பொய்யில்லை, ஆனா அது முழு உண்மையும் இல்லை. இத்தனை வருசமாய் அரை உண்மை சொல்லிச் சொல்லி வாய் புளிச்சுப்போச்சுது.

2006இல கலியாணம் செய்தனாங்கள். கோயிலில தாலி கட்டினது, பதிஞ்சது அப்ப எங்கட பக்கம் இருந்த இயக்கத்தின்ர நிர்வாகத்தில. அந்தப் பத்திரத்தை இண்டைக்கு ஒரு இடத்திலயும் எடுக்கமாட்டினம். அவர் 2009 மே மாசம் காணாமல் போனவர். மகன் அந்த வருசம் தை மாசம், இடம்பெயர்ந்துகொண்டிருக்கேக்க பிறந்தவன். பிறப்பைப் பிந்திப் பதிஞ்சது. பத்திரத்தில தகப்பன்ர பேர் வாற இடத்தில ஒரு கோடு கிழிச்சிருக்கு. பள்ளிக்கூடத்துக்கு அதைக் குடுக்கிற ஒவ்வொரு தரமும் அவன் அந்தப் பக்கத்தை உள்ளுக்கு மடிச்சுத்தான் குடுக்கிறவன்.

எனக்குப் பலகை வேணும். ஒளிச்சு நிண்டு உதவி வாங்கினால் நான் ஏதோ களவு செய்தனான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. நான் அப்பிடி நினைக்கேல்லை.

முத்தையன்கட்டான் எழுதியது:

அக்கா, களவு எண்டு நான் ஒருநாளும் சொல்லமாட்டன். உங்களுக்கு முன்னால வந்து நிக்கிற துணிவு இருக்கு. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். துணிஞ்சவைக்கு மட்டும் கிடைக்கிற உதவி எண்டால் எங்களைப்போல ஆக்கள் வீட்டிலயே இருந்திடுவம். அதைத்தான் சொன்னனான்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

பூநகரியாள் அக்கா, உங்கள் விடயம் முடிந்துபோன விடயம் இல்லை. இதைக் கவனமாக வாசியுங்கள்.

1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தில் பதிவு என்பது கலியாணத்துக்கு மிகச் சிறந்த சான்று. ஆனால் பதிவு இல்லாதபடியால் கலியாணமே இல்லை என்று ஆகாது. வழக்கப்படி தாலி கட்டி, ஊர் அறியப் புருசன் பெண்சாதியாக வாழ்ந்தால், நீதிமன்றங்கள் அதை ஏற்று வந்திருக்கின்றன. அன்றைக்குத் தாலி எடுத்துக் கொடுத்த ஐயர் உயிரோடு இருந்தால் அவருடைய சத்தியக்கடதாசி, மாமன் மாமியின் சத்தியக்கடதாசி, படம் ஒன்று இருந்தால் அது. பழைய பத்திரத்தை எறிந்துவிடாதீர்கள். அது செல்லுபடியாகாது, ஆனால் இன்ன திகதியில் நீங்கள் இருவரும் கணவன் மனைவியாக நின்றதற்கு மற்றச் சான்றுகளோடு சேர்த்துக் காட்டிப் பார்க்கலாம். மாவட்ட நீதிமன்றத்தில் இந்தக் கலியாணம் செல்லும் என்று பிரகடனம் ஒன்று எடுத்தால் மகனின் பத்திரத்தைத் திருத்த வழி பிறக்கும். கணவரைப் பொறுத்தவரை, 2010இன் 19ஆம் இலக்கச் சட்டத்தின்படி மரணப் பத்திரம் எடுக்க உங்களுக்கு மனம் வராது, எனக்குத் தெரியும். 2016இல் வந்த திருத்தம், இறந்தார் என்று சொல்லாமல் ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லுகிற ஒரு சான்றிதழுக்கு இடம் கொடுக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒன்று உறுத்துகிறது. 2016இல் காலாவதி, அதாவது குறித்த காலத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போய்விடும் என்ற விதி பற்றி ஒரு விசேட சட்டம் வந்தது, 5ஆம் இலக்கம். ஆயுதக் குழுவின் நடவடிக்கையால் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை தன் காணிக்கு வழக்குப் போட முடியாமற் போனவருக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுகிற சட்டம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். அந்த இரண்டு வருடமும் நான் கிளிநொச்சியில்தான் இருந்தேன். ஒரு கிராமத்துக்கும் போய்ச் சொல்லவில்லை. கந்தோருக்கு வந்தவர்களுக்குச் சொன்னேன், வந்தவர்கள் பஸ்ஸுக்குக் காசு இருந்தவர்கள்.

பலகைக்கு நான் இன்னும் எதிர். மேசைக்கு எதிர் என்று இனிச் சொல்லமாட்டேன்.

நிலாமதி எழுதியது:

127ஆம் பிரிவை நான் பரீட்சைக்காகப் படித்தேன், எங்கள் மேசைக்கு முன்னால் வைத்து யோசிக்கவில்லை. நேற்று இரவு அக்காவோடு கதைத்தோம். மாணவர் ஏழு பேரையும் தன்னுடைய இலிகிதர்களாக எழுத்தில் நியமிக்க அக்கா சம்மதம். அவ அறையில் இல்லாத நேரம் நாங்கள் பெயரும் ஊரும் தவிர ஒன்றும் கேட்கமாட்டோம். எங்கள் படிவத்தில் ‘எந்தப் படையணி, எந்த வருடம்’ என்று ஒரு கேள்வி இருந்தது. அதை எடுத்துவிட்டோம்.

முத்தையன்கட்டான் அண்ணா, நாங்கள் போய்விடுவோம் என்பது உண்மை. மூன்றாம் வருடத்தில் இருந்து மூன்று பேரை இப்போதே சேர்க்கிறோம், கோப்பைக் கைமாற்ற ஆள் இருக்கும்.

சிவம் (பொஸ்ரன்) எழுதியது:

கேள்வியை எடுத்ததை நான் ஏற்கமாட்டன் பிள்ளை. ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வால வெளியில வந்தவை. அதில எத்தனை பேருக்குக் காணி இல்லை, எத்தனை பேருக்கு உடம்பில இரும்புத்துண்டு இருக்கு, எத்தனை பேரின்ர பிள்ளையளின்ர பத்திரத்தில கோடு இருக்கு எண்டு ஒரு கணக்கு வேணும். கணக்கு இல்லாமல் நாளைக்கு ஒரு சட்டம் கேக்க ஏலாது. இஞ்சத்தைய மாணவர்கள் வெண்டது கோப்புகளை அடுக்கி வைச்சுக்கொண்டு போனபடியால.

பூநகரியாள் எழுதியது:

சிவம் அண்ணை, கணக்கை நாங்களே சேர்ந்து எடுக்கலாம், எங்கட விருப்பத்தில. பிள்ளையளின்ர மேசையில அது வேண்டாம். முத்தையன்கட்டுத் தம்பி சொன்னதை ரெண்டு நாளா யோசிச்சனான். அவற்ற பிள்ளை பென்சிலோட இருந்ததையும் என்ர மகன் பத்திரத்தை மடிச்சதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தனான். பலகை வேண்டாமெண்டால் விடுங்கோ. ஆனா ஆரும் கேட்டால் நான் ஆரெண்டு சொல்லித்தான் அந்தக் கதிரையில இருப்பன்.

நிலாமதி, படி இல்லாத இடமாப் பாருங்கோ. கதவு பூட்டக்கூடிய அறை ஒண்டு வேணும், பொம்பிளையள் வந்தால் பொம்பிளைப்பிள்ளை ஒராள் இருக்கவேணும். சிலதை நாங்கள் ஆம்பிளையளுக்கு முன்னால சொல்லமாட்டம்.

கறுப்புக்கோட்டு எழுதியது:

புதுக்குடியிருப்புக்கு முதல் ஆறு மாதமும் நான் வருகிறேன்.

முத்தையன்கட்டான், உங்கள் அப்பாவின் பெர்மிட் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்ததாகத்தான் இருக்கும். பெர்மிட்காரர் இறந்தால் பின்னுரித்தாளர், அதாவது அவருக்குப் பிறகு காணி சேரவேண்டியவர், ஆறு மாதத்துக்குள் காணியில் இறங்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. நீங்கள் முகாமில் இருந்த மாதங்களில் அது எப்படி முடியும்? அதைத்தான் எழுத்தில் வைக்கவேண்டும். அம்மா இருக்கிறாவா? அப்பா யாரையும் பின்னுரித்தாளராகப் பதிந்தவரா? மூத்த ஆண்பிள்ளை முதலில் என்றிருந்த வரிசையை 2022இல் மாற்றிவிட்டார்கள், அதனால் உங்கள் சகோதரிகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

முத்தையன்கட்டான் எழுதியது:

அம்மா இருக்கிறா, நடக்கிறது கஷ்டம். தங்கச்சிமார் ரெண்டு பேர், ஒராள் விசுவமடுவில. பலகை இல்லையெண்டால் மூண்டாம் சனி வாறன். பெர்மிட்டைப் போனில படமெடுத்துக்கொண்டு வந்தால் காணுமோ?

கறுப்புக்கோட்டு எழுதியது:

மூலப் பத்திரத்தையே கொண்டு வாருங்கள். எங்களுக்கு முன்னால் நீங்களே விரித்துக் காட்டுங்கள், உங்களுக்கு முன்னால் பிரதி எடுப்போம், உங்கள் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு போங்கள். என்னிடம்கூட விட்டுவிட்டுப் போகவேண்டாம்.