ஆர்டர் சேவ் பண்ணா டூப்ளிகேட் டம்ப் வருது

கேள்வி: எங்க கம்பெனி சாஃப்ட்வேர் எஸ்ஏபியோட லைவ் சிஸ்டம், அதாவது புரொடக்‌ஷன்ல நேத்து ஒரு டிரான்ஸ்போர்ட் (டெவலப்மென்ட் சிஸ்டத்துல பண்ண மாத்தத்தைக் கொண்டுபோறது) போச்சு, அதுலேர்ந்து விஏ01ல ஆர்டர் போட்டா நம்பர் வருது, சேவ் ஆச்சுன்னும் சொல்லுது, ஆனா அதே நம்பரை விஏ03ல தொறந்தா வேற கஸ்டமரோட பழைய ஆர்டர் நிக்குது. எஸ்டி22ல (டம்ப், அதாவது புரோகிராம் பாதியில நின்ன பிழை, பாக்குற ஸ்கிரீன்) எஸ்ஏபிஎஸ்க்யூஎல்_அரே_இன்சர்ட்_டப்ரெக்னு இருக்கு, அதாவது ஏற்கெனவே இருக்கிற ரெக்கார்டையே திரும்பப் போடப் பாக்குது. டிஸ்பேட்ச் முழுக்க நிக்குது, யாராச்சும் சொல்லுங்க.

பதில் 1: அந்த டிரான்ஸ்போர்ட்ல நம்பர் ரேஞ்ச் (ஆர்டர் நம்பரை வரிசையா கொடுக்குற செட்டிங்) இருந்துச்சான்னு பாருங்க ப்ரோ. டெவ்ல இருக்கிற கரண்ட் நம்பரும் சேர்ந்து போய் புரொடக்‌ஷன்ல உக்காந்துரும், அப்புறம் ஏற்கெனவே போட்ட நம்பரையே திரும்பக் கொடுக்கும். ஆர்டர் எல்லாம் இருக்கிற விபிஏகே டேபிள்ல அந்த ரேஞ்சோட பெரிய நம்பரை எடுத்து, விஎன்01ல (நம்பர் ரேஞ்சை மாத்துற ஸ்கிரீன்) ஸ்டேட்டஸை, அதாவது கரண்ட் நம்பரை, அதுக்கு மேல வைங்க. நம்பர் ரேஞ்சை டிரான்ஸ்போர்ட்ல அனுப்பவே கூடாதுங்க, அந்தந்த சிஸ்டம்ல கையால போடுறதுதான் நல்லது.

பதில் 2: அந்த நம்பர் ரேஞ்ச் ஆப்ஜெக்ட் ஆர்வி_பெலெக் ஆர்டருக்கு மட்டும் இல்ல, டெலிவரி, பில்லிங் ரேஞ்சும் அதுலதான். டெலிவரி டேபிள் எல்ஐகேபி, பில்லிங் டேபிள் விபிஆர்கேவையும் பாத்துருங்க.

கேள்வி கேட்டவர்: ஆமாங்க, ஸ்டேட்டஸ் ரொம்பக் கீழ இருந்துச்சு, ஏத்தினதும் ஆர்டர் விழுது. ரொம்ப நன்றி! எஸ்எம்13ல (டேட்டாபேஸ் அப்டேட் லிஸ்ட்) ஃபெயில் ஆனதை ரிப்பீட் பண்ணலாமா?

பதில் 1: வேணாம், அதுல பழைய நம்பர்தான் இருக்கும், மறுபடி டம்ப் ஆகும். லிஸ்ட் எடுத்து ஆர்டரைப் புதுசா போடச் சொல்லுங்க.