ஆர்டர் எடுக்கும் போனுக்குள் மால்வேர் புகுந்த கதை. உங்களுக்கு நேர்ந்ததையும் சொல்லுங்கள்

அச்சகத்தில் ஆர்டர் பார்ப்பவர்

எங்கள் அச்சகத்தில் ஆர்டர் எடுப்பதற்கென்றே ஒரு ஆண்ட்ராய்டு போன் உண்டு. வாடிக்கையாளர் டிசைன் அனுப்புவது, பணம் வந்ததா என்று பார்ப்பது, வங்கி ஓடிபி எல்லாம் அதில்தான். முன்மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கையில் அது இருக்கும். ஒருநாள் "பார்சல் முகவரி சரியில்லை, இங்கே தொட்டுத் திருத்தவும்" என்று ஒரு குறுஞ்செய்தி. காகிதம், மை என்று எங்களுக்குப் பார்சல் வந்துகொண்டே இருக்கும். அன்று இருந்த ஊழியர் அதைத் தொட்டதில் வியப்பில்லை.

தொட்டதும் ஒரு ஏபிகே, அதாவது ஆப்பை இன்ஸ்டால் செய்யும் கோப்பு, இறங்கியது. இன்ஸ்டால் ஆனதும் அது கேட்டது ஒரே அனுமதிதான்: ஆக்சசிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லவும், கையை அசைக்க முடியாதவர்களுக்குப் பதிலாகப் பொத்தானை அழுத்தவும் வைத்த நல்ல வசதி அது. திருட்டு ஆப் கையில் கிடைத்தால் அதுவும் திரையைப் படிக்கும், தானே பொத்தானை அழுத்தும். குறுஞ்செய்தி, தொடர்புப் பட்டியல் என்று மீதி அனுமதிகளை எல்லாம் அது தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது. நீக்கலாம் என்று செட்டிங்ஸுக்குள் போனால், அந்தப் பக்கம் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. அதைப் பார்த்ததும்தான் வயிறு கலங்கியது.

வைஃபையை அணைத்து, ஏர்பிளேன் மோடில் போட்டு, சிம்மைக் கழற்றி வேறு போனில் மாட்டினோம். அந்தப் போனிலிருந்தே வங்கியை அழைத்து நெட்பேங்கிங்கை நிறுத்தி வைத்தோம். அப்புறம் போனை சேஃப் மோடில் திறந்தோம். சேஃப் மோடில் நாம் இறக்கிய ஆப்கள் ஓடாது என்பதால் செட்டிங்ஸ் பக்கம் மூடாமல் நின்றது, ஆப்பை நீக்க முடிந்தது. அதோடு விடாமல் ஃபேக்டரி ரீசெட்டும் செய்தோம்.

பணம் போகவில்லை. ஆனால் அதே பார்சல் செய்தி எங்கள் எண்ணிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் போயிருந்தது. ஒவ்வொருவராக அழைத்து "அதைத் தொடாதீர்கள்" என்று சொன்னதுதான் இருப்பதிலேயே கொடுமை. 2021இல் ஐரோப்பாவில் பரவிய ஃப்ளூபாட் என்ற மால்வேர் இதே வேலையைத்தான் செய்தது: பார்சல் செய்தி, ஆக்சசிபிலிட்டி, பிறகு அந்தப் போனிலிருந்தே அடுத்தவர்களுக்குச் செய்தி. 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் ஒருங்கிணைத்த நடவடிக்கையில் அதை முடக்கினார்கள். முறையை மட்டும் யாராலும் முடக்க முடியவில்லை.

ஆர்டர், வங்கி, ஓடிபி, வாடிக்கையாளர் பட்டியல் நான்கும் ஒரே போனில் இருந்தது ஏன் என்றுதான் இப்போது எங்களுக்குள் பேச்சு. உங்கள் இடத்தில் எப்படி?

கணினி பராமரிப்பவர்

போன் சரி, கணினியை மறந்துவிடாதீர்கள். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்ன நிறுவனத்தில், காலையில் பில்லிங் கணினியைத் திறந்தால் எந்தக் கோப்பும் திறக்கவில்லை. எல்லாப் பெயரின் கடைசியிலும் புரியாத ஒரு ஒட்டு, டெஸ்க்டாப்பில் பணம் கேட்டு ஒரு கடிதம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்.

நுழைந்த வழியைத் தேடினால், பில்லிங் மென்பொருள் விற்றவர் தன் வசதிக்காக, தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்து விட்டிருந்தார். அதன் வழக்கமான நுழைவாசல் போர்ட் 3389, பாஸ்வேர்டு யாரும் ஊகிக்கக்கூடியது. இப்படித் திறந்து கிடக்கும் கணினிகளை இரவும் பகலும் தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. சின்ன நிறுவனம், நம்மை யார் தேடுவார் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. திறந்திருந்தால் நுழைகிறார்கள், அவ்வளவுதான்.

பேக்கப் இருந்தது. எங்கே? அதே கணினியில் எந்நேரமும் செருகியிருந்த வெளி டிஸ்கில். கணினியோடு சேர்த்து அதையும் பூட்டிவிட்டது. உரிமையாளர் எப்போதோ இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்து வீட்டில் வைத்திருந்ததால் பழைய கணக்காவது மிஞ்சியது. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்று சொல்லும் 3-2-1 முறையில் கடைசி ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நகல் எடுத்ததும் டிஸ்கைக் கழற்றிவிடுங்கள். அவ்வப்போது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப்பை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூட்டிய டிஸ்கை அழிக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். யூரோபோலும் டச்சு போலீசும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில ரான்சம்வேர் வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கிறது. எங்களைத் தாக்கிய வகைக்கு அங்கே இல்லை. ஆனால் இன்று இல்லாதது பின்னால் வரலாம், அதனால் டிஸ்கை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறோம்.

அப்டேட்டை நாளைக்குத் தள்ளுகிறவர்களுக்கு ஒன்று. 2017 மே 12இல் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14இலேயே வெளியிட்டிருந்தது.

கணக்காளர்

அப்டேட் பற்றிச் சொன்னது சரிதான், ஆனால் ஒரு சின்ன மறுப்பு. அதே 2017இல் ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற மால்வேர் பரவியது உக்ரைனில் பலர் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகத்தானே? ஒழுங்காக அப்டேட் செய்தவர்தான் அங்கே மாட்டினார். அதற்காக அப்டேட்டை நிறுத்தச் சொல்லவில்லை. பேக்கப்பைக் கழற்றி வைக்கச் சொல்கிறீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் அனுபவம் வேறு மாதிரி. சப்ளையரோடு நடந்துகொண்டிருந்த மின்னஞ்சல் உரையாடலிலேயே, பழைய கடிதங்கள் எல்லாம் கீழே அப்படியே இருக்க, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று பதில் வந்தது. மொழி, கையெழுத்து, பில் எண் எதிலும் குறை இல்லை. பழைய பில்லில் இருந்த எண்ணை அழைத்துக் கேட்டேன். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் மின்னஞ்சலுக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு, எங்கள் கடிதங்களை வெளியே தள்ளிவிடும் ஒரு ஃபார்வர்டிங் ரூல் போட்டிருந்தார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ரூல் போகாது, அதைத் தனியே தேடி அழிக்க வேண்டும். அன்றிலிருந்து கணக்கு எண் மாற்றம் என்றால், வந்த கடிதத்தில் இருக்கும் எண்ணை நான் அழைப்பதே இல்லை.

இணைய விற்பனை செய்பவர்

சுருக்கமாக. எங்கள் விற்பனைப் பக்கத்துக்கு ஓடிபி பூட்டு இருந்தும் பக்கம் கைமாறியது. வெளியே வேலை கொடுத்த டிசைனர் கிராக் செய்த மென்பொருள் ஒன்றைப் போட்டிருக்கிறார். அதோடு வந்த மால்வேர் அவர் பிரவுசரில் இருந்த குக்கீயைத் திருடியது. ஏற்கெனவே லாகின் ஆனதற்கான சீட்டு அது, பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. இப்படி நடந்தால் பாஸ்வேர்டை மாற்றுவதோடு "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். வேறொரு சுத்தமான கணினியிலிருந்து செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அச்சகத்தில் ஆர்டர் பார்ப்பவர்

நன்றி. எல்லாம் இன்னும் ஒரே போனிலா, பிரித்துவிட்டீர்களா என்று சிலர் கேட்டதற்குப் பதில்: ஆமாம், இரண்டாக்கிவிட்டோம். வங்கி ஆப்பும் ஓடிபி வரும் சிம்மும் உரிமையாளரின் மேசைப் பெட்டியில் இருக்கும் போனில். அதில் வேறு எதுவும் இல்லை, அந்த எண் வாடிக்கையாளர் யாருக்கும் தெரியாது. முன்மேசைப் போனில் ஆர்டர் மட்டும். அதில் தெரியாத இடத்திலிருந்து ஆப் இறக்கும் அனுமதியை பிரவுசருக்கும் வாட்ஸ்அப்புக்கும் எடுத்துவிட்டோம். வாட்ஸ்அப்பில் நம் கணக்கோடு வேறு எந்தக் கணினிகள் இணைந்திருக்கின்றன என்று காட்டும் 'லிங்க்ட் டிவைசஸ்' பக்கத்தை வாரம் ஒருமுறை பார்க்கிறோம். வேலையை விட்டுப் போன ஒருவரின் கணினி இன்னும் அதில் இருந்தது.

பழைய போனையே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டவருக்கு: ஆண்ட்ராய்டு 13இலிருந்து, இப்படி வெளியே இறக்கிய ஆப்புக்கு ஆக்சசிபிலிட்டி கொடுக்கப் போனால் பொதுவாகப் போனே முதலில் தடுக்கிறது. அதைத் தாண்டவும் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள், இருந்தாலும் ஒரு தடை கூடுதல்தானே. எங்கள் பழைய போன் அதற்கு முந்தியது, அப்டேட்டும் நின்றுபோனது. இப்போது அது சிம் இல்லாமல், அச்சு இயந்திரத்துப் பக்கம் கால்குலேட்டராக ஓடுகிறது.