தையல்காரி பிரசவ வகுப்பு எடுக்கலாமா?

கல்மண்டபம் தையல்:

வணக்கம். எனக்கு வயது 36. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். பிளஸ் டூ வரை படித்தேன். பிள்ளைகள் இரண்டு.

வளைகாப்பு ஜாக்கெட்டுக்கு நான் டேப் வைத்து அளக்கும்போதே பெண்கள் கேட்பார்கள், "அக்கா, ரொம்ப வலிக்குமா?" என்று. அம்மாவிடமும் மாமியாரிடமும் கேட்கத் தயங்குவதை என்னிடம் கேட்கிறார்கள்.

என் தலைப்பிரசவத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. ஆஸ்பத்திரியில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். வலி இப்படியே ஏறிக்கொண்டே போய்க் கடைசியில் உயிர் போய்விடும் என்று நினைத்தேன். நடுநடுவே வலி விடும் என்றுகூட யாரும் சொல்லவில்லை. விட்ட நேரத்திலும் அடுத்த வலியை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்தேன். இரண்டாவது முறை என் அத்தை கூட இருந்தார். காசிமேட்டில் மீன் விற்றவர், எழுதப் படிக்கத் தெரியாது. என்னை ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்க வைத்தார். முதுகின் அடியில் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே, "ஏறுது, ஏறுது, இதோ இறங்குது பாருடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இறங்கியது. வலி விட்ட நேரத்தில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கூடப் போனேன்.

இதைத்தான் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். மூன்று பேருக்கு ஆஸ்பத்திரியில் துணையாகவும் இருந்திருக்கிறேன். இப்போது முறையாகக் கற்றுக்கொண்டு வகுப்பு எடுக்க ஆசை. நர்சிங் படிக்காமல் செய்யலாமா? நான் பார்த்த ஆன்லைன் கோர்ஸ் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்குக் கடைசி நேரத்தில் ஆபரேஷன் ஆகிவிட்டது. பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவ்வளவு சொல்லிக் கொடுத்தும் என்னால முடியலக்கா" என்று அழுதாள். அன்றிலிருந்து யாருக்கும் சொல்லித் தரவே பயமாக இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை சிஸ்டர்:

நான் அரசு ஆஸ்பத்திரி லேபர் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். முதலில் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு ஆஸ்பத்திரிகளில் 36, தனியாரில் 63.8. அப்படியென்றால் உங்களிடம் அளவு கொடுக்க வருகிற இரண்டு பேரில் ஒருத்திக்கு ஆபரேஷன் ஆகலாம். அதில் தேவையில்லாமல் செய்வதும் உண்டு, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றச் செய்வதும் உண்டு. குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கும்போது நாங்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அந்த நேரத்தில் மூச்சுப் பயிற்சி ஒன்றும் செய்யாது. ஆகவே வகுப்பின் முதல் நாளே ஆபரேஷனைப் பற்றியும் சொல்லிவிடுங்கள்: பெரும்பாலும் முதுகில்தான் ஊசி போடுவார்கள், விழித்திருப்பாய், பிள்ளையைக் காட்டச் சொல்லிக் கேள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பால் கொடு. "சுகப்பிரசவம்" என்று நாம் சொல்லும்போது ஆபரேஷன் ஆனவள் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறாள். நான் அந்த வார்த்தையையே விட்டுவிட்டேன்.

சரி, உங்கள் அத்தை செய்ததற்கு வருவோம். அவர் செய்தது அத்தனையும் சரி. பயத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் ஏறினால், கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிற ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் தடைபடும். வலி வரும், கர்ப்பப்பை வாய் திறக்காது. பக்கத்தில் தெரிந்த கை ஒன்று இருந்தால் அந்தப் பயம் அடங்கும். தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணை வைத்துக்கொள்ளும் திட்டம் 2004இலேயே வந்தது. 2016இல் மத்திய அரசும் இதைச் சொன்னது, துணை வருபவர் தானும் வலி கண்டு பெற்றவராக இருக்க வேண்டும் என்று. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பிரசவப் பரிந்துரைகளிலும் இது இருக்கிறது. அதிலேயே இன்னொன்றும் உண்டு: வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவ வலி வேகமெடுக்கும். அதற்கு முன்னால் தலைப்பிரசவக்காரிக்குப் பல மணி நேரம் ஆகலாம். இது தெரியாமல்தான் "இன்னும் திறக்கலையா" என்று குடும்பமே பதறுகிறது.

அப்புறம், நீங்கள் தொடவே கூடாத எல்லை ஒன்று உண்டு. உள்ளே கைவைத்துப் பார்ப்பது, மருந்து சொல்வது, "வீட்டிலேயே பார்த்துக்கலாம்" என்பது. 2018இல் திருப்பூரில் வீட்டில் பிரசவம் பார்க்கப் போய் ஒரு தாய் உயிரிழந்தது நினைவிருக்கும். ரத்தப்போக்கு, பனிக்குட நீர் பச்சையாக வருவது, குழந்தை அசைவு குறைவது, கண் மங்கித் தலைவலி, வலிப்பு: இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. இதை மனப்பாடமாகச் சொல்ல வையுங்கள்.

எண்ணூர் அப்பா:

நான் ஆண், ஆனாலும் சொல்கிறேன். என் மனைவிக்கு வலி வந்தபோது ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. பொய் வலிக்கும் நிஜ வலிக்கும் வித்தியாசம் தெரியாமல் அதற்கு முன்பே இரண்டு முறை ஆட்டோ பிடித்துப் போய்த் திரும்பியிருந்தோம். வகுப்பு எடுத்தால் புருஷன்மாரையும் ஒரு நாள் கூப்பிடுங்க அக்கா. நடந்தாலும் ஓய்வெடுத்தாலும் குறையாமல், இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தால் நிஜ வலி என்று முன்னாலேயே ஒருவர் சொல்லியிருந்தால் போதும், அத்தனை பதறியிருக்க மாட்டேன்.

பெரம்பூர் வகுப்பு:

நான் ஐந்து வருடமாக வகுப்பு எடுக்கிறேன், நானும் நர்ஸ் இல்லை. நம் நாட்டில் பிரசவக் கல்வியாளருக்கென்று அரசு உரிமம் எதுவும் கிடையாது. சான்றிதழ் எல்லாம் தனியார் அமைப்புகள் தருவதுதான். யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம் என்பதால் நாம்தான் பொறுப்பாக இருக்க வேண்டும். பிரசவமே பார்க்கிற மிட்வைஃப் வேறு. 2018இல் மத்திய அரசு கொண்டுவந்த அந்தப் பயிற்சி 18 மாதம், அது நர்ஸ்களுக்கு மட்டும்.

லமாஸ் என்ற பிரசவப் பயிற்சி முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். லமாஸ் என்ற பிரெஞ்சு டாக்டர் 1951இல் சோவியத் நாட்டில் பார்த்த முறையைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார். 1960இல் அமெரிக்காவில் அதற்கென அமைப்பு வந்தது. மூச்சு எண்ணுவது மட்டும்தான் லமாஸ் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று அவர்கள் சொல்வதில் வலி தானாக வரட்டும், நடக்கட்டும், துணை இருக்கட்டும், மல்லாக்கப் படுத்துப் பெற வேண்டாம், பிள்ளையைத் தாயை விட்டுப் பிரிக்க வேண்டாம் என்பதெல்லாம் இருக்கிறது. உங்கள் அத்தை செய்ததில் பாதி இதுதான். கோர்ஸுக்குப் பணம் சேரும்வரை காத்திருக்காதீர்கள். சிஸ்டர் மாதிரி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழில் ஆரம்பியுங்கள். நம் பக்கம் அதற்குத்தான் ஆள் இல்லை.

கல்மண்டபம் தையல்:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர், நீங்கள் எழுதியதை அந்தப் பெண்ணிடம் போய்ப் படித்துக் காட்டினேன். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "அடுத்த வகுப்புக்கு நானும் வரேன்க்கா, ஆபரேஷன் பத்தி நான் சொல்றேன்" என்றாள்.

ஞாயிறு மதியம் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு நாலு பேரை உட்கார வைக்கப்போகிறேன். கர்ப்பிணிகள் உட்கார்ந்து பயிற்சி செய்கிற பெரிய பந்து ஒன்று வாங்க வேண்டுமா?

வண்ணாரப்பேட்டை சிஸ்டர்:

பந்து வேண்டாம்மா. பாய், ஆளுக்கு இரண்டு தலையணை, பிடித்து நிற்க அந்த ஜன்னல் கம்பி. மூன்று மணிக்கு நானும் வருகிறேன்.