கவுன்ட் கேட்டுவிட்டுத் தொட்ட கைகள்

மைலோமாவுக்கு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்:

எனக்கு மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய். இரத்த அணுக்களை உருவாக்கும் என் ஸ்டெம் செல்லையே எடுத்து உறைய வைத்து, மெல்ஃபாலன் என்ற கீமோ மருந்து கொடுத்த பிறகு எனக்கே திரும்ப ஏற்றினார்கள்; இதைத்தான் ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை என்பார்கள். ஏற்றும் நாளை நாள் 0 என்பார்கள்; அதிலிருந்துதான் எல்லாக் கணக்கும். வாந்தி, வாய்ப்புண் பற்றியெல்லாம் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். தொடு சிகிச்சை என்று ஒன்று இருப்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாள் 7. வெள்ளணு இல்லை என்றே சொல்லலாம். அறையை விட்டு வெளியே போகக் கூடாது. ஒரு நாளைக்கு எத்தனையோ கைகள் என்மேல் பட்டன. பிரஷர் பார்க்க, காய்ச்சல் பார்க்க, மருந்து ஏற்ற மார்பில் போட்டிருந்த சென்ட்ரல் லைன் என்ற குழாயைச் சுத்தம் செய்ய, இரத்தம் எடுக்க. எல்லோருமே அன்பானவர்கள், குறை சொல்லவே முடியாது. ஆனாலும் ஒரு கை கிட்டே வந்தாலே, அடுத்து என்னவோ என்று உடம்பு இறுகிக்கொள்ளும்.

அன்று தொடு சிகிச்சை செய்யும் அம்மா ஒருவர் வந்தார். கை கழுவி, மாஸ்க், கிளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டு முதலில் சிஸ்டரிடம்தான் பேசினார். "இன்னைக்கு பிளேட்லெட் எவ்வளவு?" 14 ஆயிரம். இரத்தம் உறைய உதவும் அணுக்களின் எண்ணிக்கை அது, கவுன்ட் என்பார்கள்; சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. அப்புறம் என் பக்கம் திரும்பி, "காலைத் தொடலாமா? வேண்டாம்னா சொல்லிடுங்க, சும்மா உட்கார்ந்துட்டுப் போறேன்" என்றார். மாத்திரையை வேண்டாம் என்று சொல்ல முடியாது, ஊசியை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த அறையில் நான் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒன்றை முதல்முறையாக ஒருவர் கொண்டுவந்திருந்தார். தொடுங்கள் என்றேன்.

எண்ணெய் கிடையாது, தேய்ப்பதும் கிடையாது. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் என் வலது பாதத்தை வைத்துக்கொண்டார். போர்வையின் கனம்தான் இருக்கும். கிளவுஸைத் தாண்டிச் சூடு வர ஒரு நிமிடம் ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் கால்விரல்கள் தானாக விரிந்தன. அதுவரை அவற்றை மடக்கியே வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இடது பாதத்துக்கு வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

குமட்டல் போனதா என்றால், அந்த ஒரு மணி நேரம் போயிருந்தது. மாலையில் திரும்ப வந்தது. எனக்கு அந்த ஒரு மணி நேரமே பெரிது.

தம்பிக்குச் செல் கொடுத்த அக்கா:

தம்பிக்கு லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய், கொடுத்தது என் ஸ்டெம் செல். செல் ஏற்றுவதற்கு முன் கொடுத்த மருந்துகளில் தயோடெப்பாவும் ஒன்று. அவன் முதுகு வலிக்கிறது என்றதும் நான் லோஷனை எடுத்தேன். சிஸ்டர் ஓடிவந்து தடுத்தார். அந்த மருந்து வியர்வை வழியாகத் தோலுக்கு வருமாம். அடிக்கடி குளிப்பாட்ட வேண்டும், மேலே எதையும் பூசினால் தோல் வெந்துபோகும். நல்லது என்று நினைத்து எவ்வளவு கெடுதல் செய்யப் பார்த்தேன் என்று அன்று இரவெல்லாம் அழுதேன்.

பிறகு ஒரு மாதம் கழித்து அவன் உள்ளங்கையும் பாதமும் சிவந்து எரிய ஆரம்பித்தன. என் செல்கள் அவன் உடம்பை வேற்று உடம்பாகப் பார்த்துத் தாக்குகின்றன என்று டாக்டர் விளக்கினார். அதைக் கேட்ட பிறகு அவனைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. இரண்டு நாள் நாற்காலியைத் தள்ளிப் போட்டே உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகப் பாதம் பிடிக்க வருபவர் அன்று பாதத்தை விட்டுவிட்டு, போர்வைக்கு மேலாகத் தோளில் கை வைத்தார். என்னைக் கூப்பிட்டு, அடுத்த தோளில் என் கையையும் வைக்கச் சொன்னார். தயங்கினேன். தம்பிதான் கண்ணைத் திறக்காமலே, "வை அக்கா" என்றான்.

மாற்று சிகிச்சை வார்டு செவிலியர்:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வேலைக்குப் போக மனம் வரவில்லை. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

பிளேட்லெட் 50 ஆயிரத்துக்குக் கீழே இருந்தால் நாங்கள் அழுத்திப் பிடிக்க விடுவதில்லை. லேசான தொடுதல் மட்டும்தான். லைன் இருக்கும் இடத்தின் பக்கமே போகக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பிடித்துவிடவே கூடாது, உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம்.

இன்னொன்று. தொட்டே கவுன்ட்டை ஏற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்ட நோயாளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மசாஜ், இன்னொன்றுக்கு தெரபியூட்டிக் டச் என்ற ஆற்றல் முறை, மூன்றாவது பிரிவுக்கு ஒருவர் வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவது. புதிய செல்கள் பிடித்துக்கொள்ள ஆன நாட்களில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை. பலன் இருந்தது என்று நோயாளிகள் சொன்னதில் மசாஜ் பிரிவு, பேசிவிட்டுப் போன பிரிவைவிட முன்னால் நின்றது. அந்த தெரபியூட்டிக் டச் செய்பவர்களில், உடம்பைச் சுற்றியுள்ள ஆற்றலைக் கையால் உணர்வோம் என்ற 21 பேரை, ஒரு சிறுமி திரைக்குப் பின்னால் அவர்களுடைய ஒரு கைக்கு அருகே தன் கையை நீட்டி, எந்தக் கை என்று கேட்டுச் சோதித்தது 1998இல் மருத்துவ இதழில் வந்தது. 280 தடவையில் 44 சதவீதம்தான் சரி. குத்துமதிப்பாகச் சொன்னாலே பாதி சரியாக வந்திருக்கும். ஆறுதலுக்காகத் தொடுங்கள், அதற்கு முன் எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்:

எனக்குத் தொடு சிகிச்சை பிடிக்கவில்லை. தோல் முழுக்கக் கூசியது, போர்வை பட்டாலே எரிச்சல். வேண்டாம் என்றேன். வந்தவர் முகம் சுளிக்காமல் கால்மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். தொடவே இல்லை. அதற்காக அவரை இன்னும் நினைத்துக்கொள்கிறேன்.

மைலோமாவுக்கு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்:

அக்கா, தம்பிக்கு இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு நாள் 100 தாண்டிவிட்டது. பிளேட்லெட் ஒன்றே கால் லட்சம். மெல்ல நடக்கிறேன். தூக்கம் வராத இரவில் மனைவி என் பாதத்தை அதே மாதிரி இரண்டு கைக்கு நடுவில் வைத்துக்கொள்வாள். தொடுவதற்கு முன் அவளும் கவுன்ட் கேட்கிறாள்.